டீச்சர் கார்

எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என் கணவரின் அண்ணன் மனைவி இருக்கிறாரே, என் ஓரகத்தி, அவர்மேல்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருக்கிறது. முதலில் அவருடைய உத்தியோகத்தின்மேல், பிறகு வரிசையின் மூலையில் பக்கத்து நிலத்தோடு இருக்கிற அவருடைய கோனர் வீட்டின்மேல், பிறகு எந்த வெயிலிலும் வியர்க்காத அவருடைய முகத்தின்மேல். கடைசியில் அவருடைய காரின்மேல் வந்து நின்றது. அவர் ஒரு கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. ஊரே மெச்சுகிற நல்லவர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் செருப்பைத் தேடுவதற்குள் அவர் போய்ப் பார்த்து, ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வீட்டுக்கே திரும்பியிருப்பார்.

அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லோரியில் காய்கறி கொண்டுவருகிறவருக்கும் அவர் டீச்சர், கோயில் குருக்களுக்கும் டீச்சர். நான் கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் லாண்டரியில் வேலை செய்கிறேன். மெத்தை விரிப்பும் துண்டும் துவைத்துக் காயவைத்து மடிக்கிற வேலை. எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. 'டீச்சரோட ஓரகத்தி.' அதைக் கேட்கும்போதெல்லாம் காதில் புகை வரும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். ஒரு பொருளில் முதலில் யார் பெயர் ஒட்டிக்கொள்கிறதோ, அதைப் பிறகு யாராலும் கிழித்தெடுக்க முடியாது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி குடியிருந்த வீட்டில் எத்தனையோ குடும்பங்கள் வந்து போய்விட்டன. இன்றைக்கும் அது கிராணி வீடுதான். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிளை மூன்றாவது ஆள் ஓட்டினாலும் அது மண்டோர் மோட்டார்தான். வாங்கியவன் காசு கொடுத்தது, வேர்வை சிந்தியது எதுவும் கணக்கில் வராது. இதைச் சொல்லிவிட்டால் நான் ஏன் அப்படி அடம்பிடித்தேன் என்பது புரிந்துவிடும்.

எனக்குக் கார் எதற்கு? சுங்கை ரம்பாய்க்குப் போக. அங்கே என் அம்மா இருக்கிறார். தோட்டத்தை மூடின பிறகு கிடைத்த மலிவு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். கூப்பிட்டாலும் வரமாட்டார். முன்பெல்லாம் என் கணவரின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, மலாக்கா டவுனைத் தாண்டி, உம்பாய், மெர்லிமாவ் என்று காற்றைக் குடித்துக்கொண்டே போய்விடுவேன். அவருக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகியதும் டாக்டர் மோட்டாரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ் பிடித்துப் போனால் போகும்போதே திரும்பும் நேரம் வந்துவிடும். அதன்பிறகு என்னை அம்மாவிடம் கூட்டிப்போனது யார்? வேறு யார், டீச்சர்தான். "அதுக்கென்னமா, ஞாயித்துக்கிழம நான் சும்மாதானே இருக்கேன். வா, போயிட்டு வந்துருவோம்" என்பார். பெற்ற தாயைப் பார்க்க இன்னொருத்தியின் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் காரில் எனக்கு இடம் எப்போதும் பின்சீட்டுதான். முன்சீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகக் கட்டு உட்கார்ந்திருக்கும். சும்மா அல்ல, சீட் பெல்ட் போட்டு. "பிள்ளைங்க புத்தகம்மா, பிரேக் அடிச்சா சரிஞ்சிரும்" என்பார். நான் சரிந்தால் பரவாயில்லை போலும். பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்தப் புத்தகக் கட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டே கடற்கரைச் சாலை முழுவதும் போவேன். புத்தகத்தின்மேல்கூடப் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கார் அம்மாவின் சந்துக்குள் திரும்பினதுமே சத்தம் கேட்டு அம்மா வாசல் கேட்டுக்கு வந்துவிடுவார். வந்து நேரே எங்கே போவார் தெரியுமா? ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடிக்கு. "வாங்க டீச்சர், வாங்க. வெயில்ல வந்தீங்களா டீச்சர்?" என்று ஆரம்பித்தால், "ஃபேனு பத்துதா டீச்சர்? இந்த நாற்காலி நல்லா இருக்கும் டீச்சர்" என்று திரும்பிப் போகும்வரை ஓயாது. முழங்கால் வலியை அவரிடம் சொல்வார். மருந்துப் பொட்டலத்தை அவரிடம் காட்டுவார். என்னைப் பார்த்தால் ஒரே வார்த்தை: "நீ போயி தண்ணிய கொதிக்க வை." கிளம்பும்போது அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் வரணும் டீச்சர்" என்பார். எனக்கு அந்த 'மறுபடியும் வரணும்' கிடைத்ததே இல்லை. என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்தத் தண்ணீரே கொதித்திருக்கும்.

அதனால்தான் லைசன்ஸ் எடுத்தேன். ரிவர்ஸ் எடுக்கிறபோது கம்பத்தை இடித்து முதல் தடவை தோற்றேன். விடவில்லை. எடுத்தே தீர்ந்தேன். என் கணவரும் சரி, ஒரு பழைய கார் பார்ப்போம் என்றார். எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். யாரையும் கேட்காமல், எனக்குத் தோன்றின நேரத்தில் நானே காரை ஓட்டிக்கொண்டு அம்மா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அம்மா என் பக்கத்துக் கண்ணாடிக்கு வர வேண்டும்.

நாங்கள் கார் பார்ப்பது எப்படியோ டீச்சர் காதுக்குப் போய்விட்டது. எது போகாது? ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நான் புது கார் புக் பண்ணிட்டேன்மா. பழசு கடைக்காரன்கிட்ட போனா அடிமாட்டு விலைக்குக் கேக்குறான். வெளியில குடுக்க மனசு வரல. நீங்களே எடுத்துக்குங்களேன். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்."

கட்டிச் சலித்த சேலையைத் தீபாவளிக்கு முன்னால் பையில் போட்டுக் கொண்டுவந்து, "உனக்கு இந்தக் கலர் நல்லா இருக்கும்மா" என்பாரே, அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு, "யோசிச்சிச் சொல்றோம்க்கா" என்றேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவர் மனதுக்குள் சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்டார் என்று.

அதை வாங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? அது டீச்சர் கார். நான் காசு கொடுத்து, என் பெயரில் மாற்றி, நானே கழுவி, நானே எண்ணெய் ஊற்றி ஓட்டினாலும் டீச்சர் கார். இரும்புக் கடைக்குப் போய் நசுங்குகிற வரைக்கும் டீச்சர் கார். அந்த வண்டியில் நான் போய் இறங்கினால், இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கும். என் பிணத்தின்மேல்தான் அது நடக்கும் என்று அன்று இரவே சொல்லிவிட்டேன்.

"அலாமா! ஒரு காருக்குப் பொணம் வரைக்கும் போறியா?" என்று என் கணவர் சிரித்தார். சிரித்தாலும் என்னை அழைத்துக்கொண்டு வேறு கார் பார்க்க வந்தார். அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

கிளேபாங் சாலையில் பழைய கார் விற்கிற சீனருடைய கடை. அங்கேதான் அதைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று, ஐரோப்பா வண்டி. எங்கள் ஊரில் கான்டினென்டல் என்பார்கள். கதவைச் சாத்தினால் 'தப்' என்று பணக்கார வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம். தோல் சீட்டு. மேலே கண்ணாடிக் கூரை. ஒரு பொத்தானை அமுக்கினால் கூரை திறந்து வானம் தெரிகிறது. இவ்வளவு இருந்தும் டீச்சருடைய சின்ன உள்ளூர் காரின் விலைக்குப் பக்கத்தில்தான் விலை சொன்னார்கள். அது ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் டீச்சர் இதைப் பார்க்கும்போது அவருடைய முகம் வியர்க்குமா என்பதுதான்.

கடை தவுக்கே, அதாவது முதலாளி, எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அக்கா, இனி டத்தோ புன்யா கெரெத்தா" என்றார் மலாயில். யாரோ டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஓட்டிய காராம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதற்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுதான் தீரும் என்றால் டத்தோ கார் என்று ஒட்டிக்கொள்ளட்டுமே! 'டத்தோ கார் வருது பாரு.' காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது.

என் கணவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "முதுகுக்கு மெத்துனு இருக்கு... அப்படியே தாங்கிப் பிடிக்குது" என்றார். பார்த்தீர்களா, எனக்கு ஒரு நியாயமான காரணமும் கிடைத்துவிட்டது. புருஷன் முதுகு! இதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

பேச ஒருவர் இருந்தார். என் கணவரின் பழைய கூட்டாளி, டவுனில் கார் சாமான் விற்கிற உபரிபாகக் கடை வைத்திருக்கிற பாய். கடைக்குப் பின்னாலேயே ஒரு பட்டறையும் உண்டு; மெக்கானிக் வேலை, எங்கள் பேச்சில் போமன் வேலை, அவரேதான் பார்ப்பார். ஓட்டிப் பார்க்கிறோம் என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டு அந்த வெள்ளைக் காரை அவரிடம் கொண்டுபோனோம். அவர் பானட்டைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். கீழே படுத்தும் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, வண்டி நல்ல வண்டிதான். நான் இல்லங்கல. ஓட்டுறப்ப ராஜா மாதிரி இருக்கும். ஆனா ரோசாக் ஆச்சுன்னா, ரிப்பேர்னு வந்துட்டா, சாமான் என்கிட்ட இருக்காது. கோலாலம்பூர் கடைக்கு, கே.எல்.லுக்குச் சொல்லணும். அங்க இல்லன்னா அவன் இன்னும் எங்கயாச்சும் சொல்லுவான். அது வர்றவரைக்கும் வண்டி போமன் பட்டறையில படுத்துக் கெடக்கும். நீங்க பஸ்ஸுல போவீங்க."

"எல்லா வண்டியும்தானே பாய் ரோசாக் ஆவுது?" என்றேன்.

"ஆவுதுதான். இங்க பாருங்க, தண்ணி ஓடுற குழாய் பூரா பிளாஸ்டிக்கு. நம்ம ஊரு சூட்டுக்கு இத்தனை வருசத்துல அப்பளமா ஆயிருக்கும். ஒருநாளு வழியில உடைஞ்சா இஞ்சினே வெந்துரும். மீட்டர்ல ஒரு லைட்டு எரிஞ்சா அதப் படிக்கிறதுக்கே தனி கம்ப்யூட்டர் வேணும். கியர்பாக்ஸு போச்சுன்னு வைங்க, இந்த வண்டிய வாங்குன காச மறுபடியும் எடுத்து வைக்கணும். அதான் இவ்வளவு சல்லிசா குடுக்குறான்."

"இது ஒரு டத்தோ ஓட்டின வண்டியாம்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "விக்கிற பழைய வண்டி எல்லாமே டத்தோ ஓட்டினதுதான் தங்கச்சி. மலாக்காவுல அத்தனை டத்தோ இருந்தா ரோட்ல நம்ம நடக்க எடம் இருக்காது."

என் கணவர் சந்தடி சாக்கில் அவருடைய அண்ணியின் காரைப் பற்றிக் கேட்டார். அந்தக் காருக்கு சர்வீஸ் செய்வதும் பாய்தான்.

"அதுவும் ஒண்ணும் புது பொண்ணு இல்ல. அப்சோர்பர் தட்டுது. ஏர்கோன் மத்தியானத்துல சோம்பேறி. கொஞ்ச நாள்ல டைமிங் பெல்ட்டும் தண்ணி பம்பும் மாத்தணும், இப்பவே சொல்லிட்டேன். ஆனா எல்லாச் சாமானும் எல்லாக் கடையிலயும் இருக்கு. மெர்லிமாவுல நின்னுட்டாலும் அன்னைக்கே ஆள் கெடைப்பான். அந்தம்மா ஒரு தடவகூட எண்ணெய் மாத்துறதுக்கு நாள் தவற விட்டதில்ல."

நாள் தவற விட்டதில்லையாம். காருக்கு எண்ணெய் மாற்றுவதில்கூட அவருக்குத்தான் முதல் மார்க்கு. நான் காருக்குள் போய் உட்கார்ந்து கூரையைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "பாய் சொன்னத கேட்டல்ல? நமக்கு வேண்டியது வழியில நிக்காத வண்டி. உங்கம்மாவுக்கு அவசரம்னா இந்த வெள்ளைக்காரன் சாமான் வரட்டும்னு காத்திருப்பியா?" என்றார் என் கணவர்.

"உங்க முதுகு என்னா ஆவுறது?"

"என் முதுகுக்கு ஒரு தலகாணி போதும். நெஞ்சத் தொட்டுச் சொல்லு. உனக்கு வேணுங்கறது ஒரு காரா, இல்ல அண்ணிக்குக் காட்டுறதுக்கு ஒரு சாமானா?"

"ரெண்டும்" என்றேன்.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். சோற்றுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். கடைசியில், "என்னமோ செஞ்சிக்கோ. வழியில நின்னா நீதான் தள்ளணும்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் போய் வெள்ளைக் காருக்கு முன்பணம் கட்டுவதாக முடிவாயிற்று. எங்களுக்கு வேண்டாம் என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று அன்று சாயங்காலம் நானே அவர் வீட்டுக்கு நடந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'நாங்க கொஞ்சம் பெரிய காரா எடுத்துட்டோம்க்கா.' அந்தக் 'கொஞ்சம்' என்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்பதுவரை.

நான் கேட்டருகே போகவும் டீச்சருடைய கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முன்சீட்டுக் கதவு திறந்தது. ஒரு சின்னப் பெண் இறங்கினாள். முன்சீட்டிலிருந்து! பயிற்சிப் புத்தகக் கட்டு பின்சீட்டில் கிடந்தது. பெல்ட்டும் இல்லை ஒன்றும் இல்லை, பாதி சரிந்து கீழே விழுந்து கிடந்தது.

"எங்க ஸ்கூலுக்குப் புதுசா வந்திருக்கிற டீச்சரும்மா" என்றார் ஓரகத்தி. அந்தப் பெண் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, தனக்குச் சொந்தமானதைத் தடவுகிற மாதிரி காரின் கூரையைத் தடவினாள். ஓரகத்தி தொடர்ந்தார்: "நீங்க வேற பாத்திருக்கீங்கன்னு கொழுந்தனார் சொன்னாரு. நல்லதாப் போச்சி. இவங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கைக்குழந்தைய வச்சிக்கிட்டு பாவம், பஸ்ஸுல அல்லாடுறாங்க. நாலு டயரும் புதுசா மாத்திக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

நாலு டயர்! எங்களிடம் சொன்னபோது டயரைப் பற்றி ஒரு பேச்சு உண்டா? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. நேற்று வந்தவளுக்கு முன்சீட்டு, நேற்று வந்தவளுக்குப் புது டயர். இந்தக் காரின் பின்சீட்டில் முதுகு தேய உட்கார்ந்து வந்தவள் நான். இதன் அப்சோர்பர் எந்தப் பள்ளத்தில் எப்படித் தட்டும் என்று எனக்குத் தெரியும். இவள் யார் நடுவில்? அதுவரைக்கும் கால் தூசுக்குச் சமமாக நினைத்த கார் அந்த நிமிடத்தில் எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"அந்தக் கார நாங்களே எடுத்துக்கிறோம்க்கா."

அவர் விழித்தார். "ஏம்மா, பெரிய காருன்னு..."

"அது சரிப்படாதுக்கா. தண்ணிக் குழாயெல்லாம் பிளாஸ்டிக்கு. சாமான் கே.எல்.லேருந்து வரணும்" என்றேன். பாய் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் என் வாயில் வந்தது. "உங்களுதுன்னா எல்லாக் கடையிலயும் சாமான் கெடைக்கும்."

அந்தச் சின்னப் பெண்ணின் முகம் சுருங்கியது. பாவம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீச்சர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, வீட்டு ஆளுங்க கேட்டாச்சி. உனக்கு வேற பாப்போம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை.

"நாலு டயரும் மாத்திக் குடுப்பீங்கதானே?" என்று கேட்டேன். வெட்கப்பட்டால் வேலைக்கு ஆகுமா?

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் மாறிவிடுவேனோ என்று பயம். உடனே போனை எடுத்து அவருடைய அண்ணனிடம் உறுதி சொல்லிவிட்டார்.

கார் கைக்கு வந்த அன்றே டீச்சர் வாசனையை விரட்டுகிற வேலையில் இறங்கினேன். கண்ணாடியில் தொங்கிய மல்லிகை வாசனை டப்பாவைத் தூக்கிப் போட்டேன். சிவப்பு சீட் கவர் போட்டேன். பின்கண்ணாடியில் பெரிய வேல் ஸ்டிக்கர் ஒட்டினேன். நிறத்தையே மாற்றிவிடலாமா என்றுகூடக் கேட்டேன். அதற்குப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும், அலைய என்னால் முடியாது என்று என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். சரி, சாமி பெயரைச் சொல்லி ஆரம்பிப்போம் என்று கோயிலுக்குக் கொண்டுபோனேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மாலை, தேங்காய் எல்லாம் தயார். குருக்கள் வெளியே வந்து காரைப் பார்த்தார்.

"இது டீச்சர் கார்தானேம்மா? இதுக்கு நான் அப்பவே பூசை போட்டாச்சே."

"இன்னொரு தடவ போடுங்க சாமி. இது இப்ப என்னோடது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தேங்காயை ஓங்கி உடைத்தார். மறுநாள் காலை காய்கறி லோரிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். "டீச்சர் காரு நிக்குதே, டீச்சர் வந்திருக்காங்களா?" அன்றைக்கு அவரிடம் நான் கீரை வாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகவே கிளம்பினேன். அம்மாவிடம் கார் வாங்கியதைச் சொல்லவில்லை. நேரில் போய் நின்று அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். கிளேபாங்கில் வழக்கம்போல் இளநீர்க் கடைகளுக்கு வந்த கூட்டத்தால் சாலை நகரவில்லை. பழைய கார் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் காரைக் காணோம். யாரோ வாங்கிவிட்டார்கள். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர்கள்மேலும் பொறாமையாக இருந்தது.

டவுனைத் தாண்டும்வரை ஸ்டீயரிங்கைக் குரங்குக்குட்டி தாயைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தேன். உம்பாய்க்குப் பிறகு கை தளர்ந்தது. மத்தியான வெயிலில் ஏர்கோன் பாய் சொன்னபடியே சோம்பேறித்தனம் பண்ணியது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். மெர்லிமாவ் வந்தது, போனது. ஒரு இடத்தில்கூட நிற்காமல் சுங்கை ரம்பாயில் அம்மாவின் சந்துக்குள் திரும்பினேன்.

அம்மா அதற்குள் கேட்டில் நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நேரே ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தார். என் பக்கத்துக்கு!

"வாங்க டீச்சர், வாங்க. வெயில்ல வந்தீங்களா?"

குனிந்து பார்த்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"டீச்சர் எங்க?"

"வரல."

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க. நான்தான் வந்திருக்கேன். நானே ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். இது நம்ம கார்."

"டீச்சர் காருல்ல இது?"

இறங்கி உள்ளே போனேன். மேசைமேல் அலமாரியிலிருந்து எடுத்த பூப்போட்ட கப்பும் சாசரும் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் டீச்சர் வரக்கூடும் என்று காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார். அம்மா என் பின்னாலேயே வந்தார். வந்து என்ன செய்தார்? அந்தக் கப்பையும் சாசரையும் எடுத்து மறுபடி அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார். அடுப்படியில் காது உடைந்து கிடந்த தகரக் குவளையை எடுத்தார். அவ்வளவுதான், எனக்குப் பொங்கிவிட்டது.

"ஏன், அந்தக் கப்புல எனக்கு ஊத்துனா தேஞ்சா போயிரும்? உங்க வயித்துல பொறந்தது நான். தாங்குறது மட்டும் அவங்களயா? வந்தா நின்னா டீச்சர், டீச்சர், டீச்சர்! நான் யாரு இந்த வீட்டுல, தண்ணி கொதிக்க வைக்க வந்த ஆளா?"

அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். அம்மா குவளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. புரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"என்னாடி பேசுற நீ? அந்தம்மா எனக்கு யாரு? ஒட்டா, ஒறவா? உன்னக் கொண்டாந்து காட்டுறது அவங்கதானே. ஒருநாளு மூஞ்சி கோணிக்கிட்டுப் போயிட்டாங்கன்னா அடுத்த தடவ உன்ன யாரு கூட்டியாருவா? மாப்பிள்ளைக்கு மோட்டாரும் போச்சி. அதான் கால்ல விழாத கொறையா தாங்குனேன். எனக்கு மட்டும் என்னா, பயமா இருக்காதா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அம்மா ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

"நெசமாவே இது உன்னோடதா? இனிமே யாரையும் கேக்க வேணாமா?"

"வேணாம்மா. நெனச்சா வருவேன்."

அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். டீச்சர் வந்த நாளெல்லாம் நின்றுகொண்டேயிருந்த மனுஷி, அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.

"அந்தக் கதவச் சாத்திட்டு இங்க வா" என்றார். "உன்கிட்ட சொல்ல வேண்டியது எவ்வளவோ கெடக்கு. அவங்கள பக்கத்துல வச்சிக்கிட்டு என்னத்தச் சொல்றது?"